கோடை ஓடை: நீலகிரிப் புல்வெளியும் பவானித் தண்ணீரும்

நீலகிரியின் மேல்மலையில் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்திருந்த புல்வெளிக்கு ஆங்கிலேயர் காலத்து வருவாய்க் கணக்கில் ஒரே பெயர்தான்: தரிசு. உழவு இல்லை, வெட்டி விற்க மரம் இல்லை, சொல்லிக்கொள்கிற மாதிரி வரியும் இல்லை. அப்படியானால் அது சும்மா கிடக்கும் நிலம், எதையாவது நட்டுவைக்கலாம். அந்த மலையில் கடந்த 180 ஆண்டுகளில் நடந்த பலவற்றுக்கும் இந்த ஒரு சொல்லில்தான் தொடக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. சும்மா கிடக்கிறது என்று நினைத்துச் செய்தார்கள்.

இந்த ஆய்வின் கேள்வி ஒன்றுதான். மலையில் புல் இருந்த இடத்தில் மரம் வந்தால், சதுப்பு இருந்த இடத்தில் கேரட்டும் தேயிலையும் வந்தால், கீழே ஓடையில் தண்ணீர் என்ன ஆகும்? "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்று பள்ளிக்கூடச் சுவர்களில் படித்து வளர்ந்த நமக்கு விடை தெரிந்ததுபோலவே இருக்கும். நீலகிரியில் அளந்து பார்த்தபோது வந்த விடை வேறு.

மலையின் அமைப்பு

தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். அதைச் சுற்றியும் மேற்கே குந்தா, முக்குர்த்தி வரையிலும் உள்ள மேட்டு நிலத்தில் மூன்று வகை நிலம் அடுத்தடுத்து வரும். குன்றுகளின் முதுகிலும் சரிவிலும் புல். குன்றுகள் மடியும் இடுக்குகளில் குட்டையான, அடர்த்தியான சோலைக்காடு. அடிவாரத் தாழ்வில் கறுப்பு மண் ஊறிக் கிடக்கும் சதுப்பு. மழை புல்மேல் விழுந்து, பாறைக்கு மேலே ஆழமாக உளுத்துக் கிடக்கும் மண்ணுக்குள் இறங்கும். அங்கிருந்து மெல்லக் கசிந்து சோலையின் ஓரத்திலும் சதுப்பிலும் வெளிப்பட்டு, ஓடையாகப் புறப்படும். மழை நின்று நான்கு மாதம் ஆன பிறகும் ஓடை ஓடுவது இந்தக் கசிவால்தான்.

புல்வெளி என்றதும், அங்கே ஒரு காலத்தில் காடு இருந்திருக்கும், யாரோ வெட்டியிருப்பார்கள் என்று நினைப்பது வழக்கம். அது சரியில்லை. நீலகிரிச் சதுப்புகளின் அடியில் படிந்த கறுப்பு மண்ணைத் தோண்டி அதன் கார்பனை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். குளிர்காலத்து உறைபனி திறந்தவெளியில் முளைக்கும் சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும். சோலை இடுக்குகளுக்குள்ளேயே ஒடுங்கி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதாவது புல் அங்கே தானாக வாழும் தாவரம், வேறு எதன் மிச்சமும் அல்ல.

தோடர்களுக்கு இது தெரியும். அவர்களுடைய எருமைகள் புல்வெளியில் மேய்ந்து சதுப்பில் நீர் குடித்தன. பீப்பாய் வடிவக் கூரை கொண்ட கோயில்களை வேயச் சதுப்பில் மட்டுமே வளரும் ஒருவகைப் புல்லை அவர்கள் அறுத்துவருவார்கள். இப்போது அந்தப் புல்லைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. சதுப்பு எவ்வளவு குறைந்தது என்பதற்கு நல்ல சாட்சி அந்தக் கூரைதான்.

கற்பூர மரமும் சீகையும்

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். சில ஆண்டுகளில் ஊட்டியில் வீடும் ஏரியும் வந்தன. வெள்ளைக்காரக் குடியிருப்பு பெருகியதும் குளிருக்கு விறகு வேண்டியிருந்தது. பக்கத்துச் சோலைகளை வெட்டித் தீர்த்தார்கள். சோலை மரம் மெதுவாக வளரும், வெட்டினால் ஒரு தலைமுறைக்குத் திரும்பி வராது. அப்போதுதான் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் வந்தது. 1843-இல் நட்ட கன்றுகள் மளமளவென்று வளர்ந்ததைப் பார்த்து, 1860களில் தோட்டம் தோட்டமாகப் போட்டார்கள். மலையில் அதற்குக் கற்பூர மரம் என்று பெயர். அதே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்துக்குச் சீகை மரம் என்று பெயர். இலை நம் சீகைக்காயை ஒத்திருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயராக இருக்கலாம்.

விறகுக்காகத் தொடங்கியது வெள்ளைக்காரர் போன பிறகுதான் வேகம் பிடித்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், செயற்கைப் பட்டு நூலுக்குக் கற்பூர மரக்கூழ் வேண்டும் என்று ஆயிரக்கணக்கான ஹெக்டேர் புல்வெளியில் மரம் நட்டார்கள். சிறுமுகையில் பவானிக் கரையிலேயே இருந்த விஸ்கோஸ் (செயற்கைப் பட்டு) ஆலைக்கு மரம் மலையிலிருந்து இறங்கியது. வனத்துறைக்கு இது வருமானம், தொழில்துறைக்கு மூலப்பொருள், நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சம். யாருடைய பேரேட்டைப் புரட்டினாலும் லாபம்தான் தெரியும். தண்ணீருக்கு மட்டும் அங்கே பக்கம் ஒதுக்கப்படவில்லை.

நடாத இடத்துக்கும் சீகை போனது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டாலோ மண்ணைக் கிளறினாலோ கொத்தாக முளைக்கும்.

கிளன்மார்கனில் அளந்தது

ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் பக்கம் கிளன்மார்கன். அங்கே மத்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் உதகை மையம் நடத்திய சோதனை, இந்தியாவில் இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தேடிய முயற்சிகளில் முக்கியமானது. பொறுமையும் சற்றுக் கூடுதல். முடிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

முறை எளியது. ஏறத்தாழ ஒரே அளவிலான, தலைக்குச் சுமார் 32 ஹெக்டேர் பரப்புள்ள இரண்டு நீர்ப்பிடிப்புகளை அடுத்தடுத்துத் தேர்ந்தார்கள். இரண்டிலும் புல், இடுக்கில் கொஞ்சம் சோலை, கீழே சதுப்பு. இரண்டு ஓடைகளும் வெளியேறும் வாயில் சிறு தடுப்பு கட்டி, அதில் வழியும் தண்ணீரை நாள் தவறாமல் பதிவு செய்தார்கள். 1968 முதல் 1971 வரை எதையும் தொடவில்லை. ஒன்றில் இவ்வளவு ஓடினால் மற்றதில் எவ்வளவு ஓடும் என்ற விகிதத்தை மட்டும் கண்டுவைத்தார்கள். 1972-இல் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றதில் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். சோலையையும் சதுப்பையும் தொடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாறியது புல் மட்டும்தான்.

முதல் பத்தாண்டில், மரம் நட்ட நீர்ப்பிடிப்பிலிருந்து வந்த ஆண்டு மொத்தத் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டினார்கள். கற்பூர மரத்தின் அடிக்கட்டை கரும்பு மறுதாம்பு மாதிரி மறுபடி துளிர்த்து வளரும், புதிதாக நட வேண்டியதில்லை. அந்த இரண்டாவது பத்தாண்டில் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. காரணம் புரியக்கூடியதுதான். மேலே துளிர் புதிது, கீழே வேர் பழையது. முதல் நாளிலிருந்தே ஆழத்து ஈரத்தை எட்டிப்பிடிக்க அது தயாராக இருந்தது.

16, 25 என்ற எண்களோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு கணக்கு. ஆண்டில் தண்ணீர் மிகக் குறைவாக ஓடும் நாட்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். முதல் பத்தாண்டில் அந்தக் கோடை ஓட்டம் பாதியாகியிருந்தது. இரண்டாவது பத்தாண்டில் 3.75-இல் ஒரு பங்காக, அதாவது முன்பு நாலு குடம் வந்த இடத்தில் ஒரு குடமும் கொஞ்சமுமாக இறங்கியிருந்தது. ஆண்டு மொத்தம் கால் பங்கு அளவே குறைந்தபோது கோடைப் பங்கு முக்கால் அளவு போய்விட்டது. மரம் மழைக்காலத்தில் குடிப்பது யாருக்கும் தெரியாது. புல் காய்ந்து ஓய்வெடுக்கும் மாதங்களிலும் அது குடித்துக்கொண்டே இருப்பதுதான் ஓடையில் தெரிகிறது. புல்லின் வேர் எட்டாத ஆழத்து ஈரம் முன்பெல்லாம் கசிவாக வெளியே வந்தது. இப்போது அது இலை வழியே காற்றுக்குப் போகிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே சோதனையில் கனமழை நேரத்து உச்ச வெள்ளமும் குறைந்தது. வெள்ளம் ஒன்றே கவலை என்றால் மரம் நல்லதுதான் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் புல் மூடிய சரிவில் வெள்ளம் ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து, இருந்த ஊற்றை அடைத்த மாதிரி.

சோலையும் மரம்தானே, அது குடிக்காதா? குடிக்கும். ஆனால் அது ஈரம் தேங்கும் இடுக்கில் சிறு பரப்பில் நிற்கிறது, மெதுவாக வளர்கிறது. குன்றின் முதுகு முழுக்க ஒரே வயதில் விறுவிறுவென்று வளரும் தோட்டத்தோடு அதை ஒப்பிட முடியாது. மரமா, மரம் இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தால் நீலகிரி புரியாது. எந்த மரம், மலையின் எந்த இடத்தில் என்பதே கேள்வி.

கீழே யாருக்கு என்ன

கிளன்மார்கன் ஓடைகள் பைக்காராவில் சேர்கின்றன. அது மாயாறாகிப் பவானிசாகரில் வந்து விழுகிறது. அப்பர் பவானியில் பிறக்கும் பவானியோ கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய், திரும்பத் தமிழ்நாட்டுக்குள் வந்து, பில்லூர், மேட்டுப்பாளையம் வழியாக அதே அணைக்கு வருகிறது. வழியில் அவலாஞ்சி, எமரால்டு, போர்த்திமந்து, பார்சன்ஸ்வேலி என்று மலை முழுக்க அணைகள். பைக்காரா மின்நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது. நீலகிரியின் நீர்மின் நிலையங்களின் மொத்தத் திறன் இன்று 833 மெகாவாட். கிளன்மார்கன் முடிவை எழுதியவர்களே, நீர்மின் அணைகளின் நீர்ப்பிடிப்பில் புல்வெளியைக் கற்பூரத் தோட்டமாக மாற்றும்போது எச்சரிக்கை தேவை என்று குறிப்பிட்டார்கள். ஒரே அரசின் ஒரு துறை அணை கட்டித் தண்ணீர் சேர்க்க, இன்னொரு துறை அதன் தலைமாட்டில் மரம் நட்டு அந்தத் தண்ணீரைக் குறைத்தது.

பவானிசாகர் 1955-இல் முடிந்தது. கொள்ளளவு 32.8 டிஎம்சி. கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. அதற்கு முன்பிருந்தே கொடிவேரி, காளிங்கராயன் பாசனங்கள் சேர்ந்து சுமார் 40,000 ஏக்கர். இவை போகக் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களின் குடிநீர். சரி, மலையில் மரம் நட்டதால்தான் பவானிசாகர் நிரம்புவதில்லை என்று சொல்லிவிடலாமா? முடியாது. அணைக்கு வருவதில் பெரும்பங்கு தென்மேற்குப் பருவமழையின் வெள்ளம். 2016-இல் இரண்டு பருவமழைகளும் பொய்த்தபோது அணை வற்றியதற்கு மழைதான் காரணம். 32 ஹெக்டேரில் அளந்ததை ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டருக்கு அப்படியே பெருக்கிச் சொல்வது நாணயமான கணக்கு ஆகாது.

அடி முதலில் விழுவது மலைக்குள்ளேயே. குன்னூர் போன்ற ஊர்களில் கோடையில் குழாய்த் தண்ணீருக்கு வாரக்கணக்கில் காத்திருப்பது பழகிப்போன விஷயம். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவான அவலாஞ்சியும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆண்டு சராசரி மழையைப் பார்த்தால் இங்கே தண்ணீர்ப் பஞ்சம் வரவே கூடாது. பிப்ரவரியிலிருந்து மே வரையிலான ஊற்றைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

கீழே ஈரோட்டுப் பக்கத்து விவசாயிகள் இதையே வேறு விதமாக அறிந்தவர்கள். கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது அவர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச்சேர வேண்டும் என்றது ஒரு தரப்பு. மண் கரையின் கசிவுநீர்தான் எங்கள் கிணறுகளுக்கு உயிர், அதை அடைக்காதே என்றது இன்னொன்று. அதிகாரிகளின் தாளில் 'இழப்பு' என்று எழுதப்படுவது ஒருவருடைய கிணற்றில் வரவாகிறது. மேல்மலைப் புல்வெளியும் மலைக்குள் தண்ணீர் கசிகிற இடம்தான். ஆனால் அதற்காகச் சாலை மறியல் செய்ய அங்கே கிணற்றுக்காரர் யாரும் இல்லை.

நீர்போகமும் கேரட்டும்

இப்போது விவசாயத்துக்கு வருவோம். படகர்கள் ஹட்டிகள் எனப்படும் தங்கள் ஊர்களைச் சுற்றிச் சாமை, கேழ்வரகு போன்ற தானியங்களைப் பயிரிட்டுவந்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கு வந்தது. அப்புறம் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட். மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றி அனுப்பினால் கையில் காசு. மலையில் மூன்று போகம் உண்டு: கார்போகம், கடைபோகம், நீர்போகம். முதல் இரண்டும் மழையை நம்பியவை. நீர்போகம் கோடையில் ஓடையை நம்பியது. அந்த நேரத்து விலைக்காக ஓடையில் மோட்டார் வைத்துத் தெளிப்பான் போடுகிறார்கள். இதில் ஒரு முரண் இருக்கிறது. கோடை ஓட்டத்தைக் கெடுத்தது மேலே உள்ள தோட்டம், அதில் மிச்சமானதை உறிஞ்சுவது கீழே உள்ள காய்கறிப் பாத்தி, இரண்டுக்கும் நடுவே ஓடை.

தண்ணீருக்கு அடுத்தது மண். உருளையும் கேரட்டும் மண்ணைக் கிளறிக் கிளறி எடுக்க வேண்டிய பயிர்கள். சரிவுக்குக் குறுக்கே பாத்தி பிடித்தால் மண் நிற்கும் என்று மண்வளத் துறையினர் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். விவசாயிகளில் பலர் இன்னமும் சரிவோடுதான் பாத்தி போடுகிறார்கள். விஷயம் தெரியாமல் இல்லை. குறுக்குப் பாத்தியில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும், படிக்கட்டு வரப்பு கட்டக் கையில் பணம் இருக்காது, குத்தகை நிலமென்றால் அடுத்தவர் நிலத்தில் யார் கல் கட்டுவது? இந்தப் பதில்களைக் கேட்காமல் 'விழிப்புணர்வு' ஊட்டப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். அப்படிக் கரைந்த மண் குந்தா, பில்லூர் அணைகளின் அடியில் படிகிறது. கேரட் கழுவும் இடங்களிலிருந்து மண்கலந்த தண்ணீர் ஓடையில் கலப்பதை மலையில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

1961-இல் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அதைக் கொல்ல இட்ட மருந்தால் மண்ணில் நஞ்சும் கூடியது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

காய்கறியைவிட அதிகமாகச் சதுப்பைத் தின்றது எது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். தாழ்வான ஈரநிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் கறுப்பு மண் கிடைக்கும், முதல் சில ஆண்டுகள் உரமே வேண்டாம் என்கிற அளவுக்கு விளையும். அப்படியும் போயிருக்கிறது. தேயிலைக்கும் போயிருக்கிறது. ஊட்டியில் பழைய குதிரைப் பந்தய மைதானம், பேருந்து நிலையம், சந்தை எல்லாம் இருப்பது ஏரியை ஒட்டிய அந்தத் தாழ்வில்தான்.

தேயிலை

தேயிலையைப் பற்றி இரண்டு விதமாகவும் பேச வேண்டும். நன்றாக மூடிய தேயிலைத் தோட்டம் கேரட் பாத்தியைவிட மண்ணை நன்றாகவே பிடித்துவைக்கும். ஆனால் தோட்டம் போட முதலில் காட்டையோ புல்லையோ அழிக்க வேண்டும். 1990களில் பசுந்தேயிலைக்கு நல்ல விலை கிடைத்தபோது காய்கறி நிலங்களும் மிச்சமிருந்த மேய்ச்சல் நிலங்களும் தேயிலைக்கு மாறின. அந்தப் பத்தாண்டின் முடிவில் விலை விழுந்தது. சிறு விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். சிலர் செடியைப் பிடுங்கிவிட்டு மறுபடி கேரட் போட்டார்கள். நிலம் எதைத் தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை, சந்தை போன பக்கம் சரிவும் போனது.

அரசே போட்ட தேயிலையும் உண்டு. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அவர்களிடம் கேட்டு அல்ல. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்க நீலகிரியில் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டார்கள். 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், சுருக்கமாக டான்டீ ஆனது. கண்டியிலும் நுவரெலியாவிலும் காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள், இங்கே வந்து இன்னொரு காட்டில் அதே வேலையைச் செய்தார்கள். நிலக்கொள்கை என்று நாம் சொல்வதில் பாதி, மண்ணோடு சம்பந்தமில்லாத காரணங்களுக்காக எடுக்கப்படும் முடிவுதான் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தெரியவில்லை.

2022-இல் டான்டீயின் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. நீர்ப்பிடிப்பு நோக்கில் வரவேற்கத்தக்கதுதான். ஆனால் அங்கே வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியும் உடனே எழுந்தது, எழத்தான் செய்யும்.

சட்டமும் அதன் இடைவெளியும்

மலைக்குச் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1949-இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1955-இல் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1970களில் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம், 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம். 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. பட்டியலைப் படித்தால் ஒன்று கண்ணில் படும்: எல்லாம் மரம், காடு, கட்டடம். புல்வெளி என்ற சொல்லையும் சதுப்பு என்ற சொல்லையும் தேடித்தான் பார்க்க வேண்டும். மரத்தை வெட்டினால் வழக்கு, புல்வெளியில் மரம் நட்டால் பாராட்டு. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் மலை சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு சரிவுக் கட்டடங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போதும் தண்ணீர் வடியும் வழியை மறித்ததைப் பற்றிய பேச்சு குறைவுதான்.

1988-இன் தேசிய வனக் கொள்கை ஒரு திருப்பம். காட்டிலிருந்து வரும் வருவாய் இரண்டாவது, சூழல் சமநிலையே முதலாவது என்று அது எழுதிவைத்தது. அதையொட்டிய ஆண்டுகளில் புல்வெளியில் புதிதாகச் சீகை நடுவது நின்றது. முக்குர்த்தி தேசியப் பூங்காவானது. ஆனால் நடுவதை நிறுத்தினால் சீகை பரவுவது நிற்காது.

இந்தச் சீகையில் ஒரு வகையான கருஞ்சீகைதான் தென்னாப்பிரிக்காவிலும் ஆற்றங்கரைகளை மூடியது. அங்கே என்ன செய்தார்கள் என்பது நமக்கு நேராகப் பொருந்தும். 1972-லேயே புதிதாக மரத்தோட்டம் போட அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது, காரணம் தண்ணீர். 1995-இல் அயல் மரங்களை வெட்டி அகற்றும் பெரிய அரசுத் திட்டம் தொடங்கி, வேலையில்லாதவர்களுக்கு அதில் கூலி கொடுத்தார்கள். 1998-இன் தேசிய நீர்ச் சட்டம் வணிக மரத்தோட்டத்தை 'ஓடை நீரைக் குறைக்கும் செயல்' என்று பெயரிட்டு, பாசனத்துக்குத் தண்ணீர் எடுப்பவரைப் போலவே தோட்டக்காரரையும் கணக்குக்குள் கொண்டுவந்தது. அங்கும் குறைகள் நிறைய, வெட்டிய இடத்தில் மறுபடி முளைத்த கதைகளும் நிறைய. ஆனாலும் மரம் குடிக்கும் தண்ணீருக்குச் சட்டத்தில் ஒரு பெயர் வைத்தார்களே, அது பெரிய விஷயம். கிளன்மார்கன் அளவுகள் கையில் இருந்தும் நாம் அதைச் செய்யவில்லை.

பிடுங்குவது எப்படி

இப்போது தமிழ்நாடும் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. அயல் மரங்களை அகற்றும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. 2022-இல் ஊடுருவும் தாவரங்களுக்கான கொள்கையை அரசு வெளியிட்டது. வரையாடு திட்டமும் வந்திருக்கிறது. வரையாடு வேண்டுமென்றால் புல்வெளி வேண்டும், புல்வெளி திரும்பினால் ஓடையும் திரும்பும் என்ற நம்பிக்கை. ஓர் ஆட்டின் பெயரால் தண்ணீருக்கு நல்லது நடக்குமானால் நடக்கட்டும்.

ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அடியாக வெட்டித் தள்ளுவது சரியா என்பதில் துறை அறிந்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டார்கள். அந்த மலையிலேயே பழைய சீகைத் தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்துவருவதையும் கண்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சீகையை மொட்டையடித்தால் சோலைக் கன்றும் போகும், வெயில் பட்ட மண்ணில் சீகை விதை பத்து மடங்காக முளைக்கும். அங்கே சும்மா விடுவதே நல்லது. புல்வெளியின் விளிம்பில் இப்போதுதான் பரவும் இளஞ்சீகையைக் கையாலேயே பிடுங்க முடியும். செலவு குறைவு, பலன் அதிகம். முதல் வேலை அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அடுத்தது சதுப்பைச் சுற்றியும் ஊற்றுக்கண்ணுக்கு மேலேயும் நிற்கும் கற்பூர மரங்கள். ஊட்டிக்குப் போகும் சாலையோர முதிர்ந்த தோப்புகள் கடைசி. சுற்றுலாப் பயணிகளுக்கு நீலகிரியின் மணமே அதுதான், தைலக் கடைக்காரரும் சண்டைக்கு வருவார்.

இந்த வேலைகளின் அறிவிப்புகளில் பெரும்பாலும் வருவது ஹெக்டேர் கணக்கு: இத்தனை ஹெக்டேரில் அகற்றினோம், இவ்வளவு செலவு. ஓடைக் கணக்கும் அதோடு வர வேண்டும். 1968-இல் செய்ய முடிந்ததை இப்போது செய்ய முடியாது என்பதற்கில்லை. அகற்றும் சரிவுக்குக் கீழே ஒரு தடுப்பு, அகற்றாத பக்கத்துச் சரிவுக்குக் கீழே ஒரு தடுப்பு, வேலைக்கு முன்னால் மூன்று நான்கு ஆண்டு, பின்னால் பத்து ஆண்டு. பிப்ரவரியிலிருந்து மே வரையிலான அளவைப் படகர் ஹட்டிகளிலும் தோடர் குடியிருப்புகளான மந்துகளிலும் எழுதி ஒட்டலாம்.

அதுவரை ஒரு நாட்டு அளவுகோல் இருக்கவே இருக்கிறது. நீர்போகத்தில் ஓடைக்குழியில் மோட்டார் போடுபவரிடம், குழி வற்றி மோட்டார் காற்றை இழுக்க எத்தனை நேரம் ஆகிறது என்று கேட்டால் போதும். இந்த வருஷம் எவ்வளவு, அப்பா காலத்தில் எவ்வளவு என்று இரண்டையும் சொல்வார்.